ஸ்னிப் தின்ற பதினேழு ஊர்கள்

பழைய கேமைத் தூசி தட்டி, பளபளவென்று ஆக்கி, மறுபடியும் விற்க வருகிறவர்களை நான் நம்புவதில்லை. பழைய வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு வாடகையை ஏற்றுகிற ஆட்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒழுகுகிற கூரை அப்படியே இருக்கும்.

நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. காப்புறுதி நிறுவனம் ஒன்றில், வாகன விபத்து என்று வருகிற கோரிக்கைகளைச் சரிபார்க்கிறேன். பதினோரு வருடமாக இதே வேலை. செராஸ் நெடுஞ்சாலையில் நட்டநடுப் பகலில் மாடு குறுக்கே வந்தது என்று எழுதிக் கொடுப்பார்கள். மாடு என்ன நிறம் என்று கேட்பேன். 'கறுப்பு' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் சரி. 'கறுப்பு, இடது கொம்பு உடைஞ்சிருந்துச்சு, கழுத்துல மணி' என்று நீட்டினால் அந்த ஆள் பொய் சொல்கிறார். தேவையில்லாத விவரம் சொல்கிறவனை நம்பாதே என்பது என் சட்டம். அதை எனக்கு அலுவலகத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. பதினைந்து வயதில் என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

வேலை நேரம் போக, ஒரு தமிழ் இணையப் பக்கத்துக்குக் கேம் விமர்சனம் எழுதுகிறேன். அதை நடத்துகிற ஷாமினி போன மாதம் கூப்பிட்டாள்.

"விமலன், பிளோர்க் ரீமேக் வந்திருக்கு. நீங்க ஸ்கூல் படிக்கறப்ப வெளயாண்டதுதானே. இன்னைக்கும் அது எடுபடுதா, இல்ல பழைய ஞாபகத்துலதான் நல்லா இருந்துச்சான்னு எழுதுங்க. பத்து நாள் டைம், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும் லா."

"வேற யாராச்சும் எழுதட்டுமே."

"ஏன், பிடிக்காதா?"

"பிடிக்கும். ஆனா எங்க வீட்டுல அதால பழைய சண்டை ஒண்ணு இருக்கு."

அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துவிட்டாள்.

பிளோர்க் என்பவன் பூமியைப் பிடிக்க வருகிற ஒரு குண்டு வேற்றுக்கிரகவாசி. பெரிய படை, பெரிய ஆயுதம் எல்லாம் உண்டு. ஆனால் அவன் கிரகத்தில் சட்டம் கடுமை. ஓர் ஊரைப் பிடித்தால் போதாது. அந்த ஊர் மேயரிடம் நான்கு பிரதிகளில் விண்ணப்பப் பாரம் நிரப்பி, 'எங்களைப் பிடித்துவிட்டார்கள்' என்று கையெழுத்து வாங்க வேண்டும். மேயர் சாப்பிடப் போயிருப்பார். முத்திரைக் கட்டை காணாமல் போயிருக்கும். மொத்தம் பதினெட்டு ஊர். கூடவே ஸ்னிப் என்று ஓர் உதவியாள்: முழங்கால் உயரம், ஒற்றைக் கண், பெட்டியையும் அந்தப் பாரங்களையும் சுமந்துகொண்டு பின்னாலேயே ஓடி வரும். பசித்தால் நாற்காலி, தபால் பெட்டி எதையும் தின்னும். இருவர் விளையாடினால் இரண்டாவது ஆள்தான் ஸ்னிப்.

2006இல் எங்கள் வீட்டில் பிளோர்க் நான். ஸ்னிப் என் தங்கை விஷ்ணுப்ரியா. அவளுக்குப் பத்து வயது.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா பழனியப்பன் ரயில்வேயில் சிக்னல் பார்ப்பவர். அரையாண்டுப் பரீட்சையில் நான் நல்ல மார்க் வாங்கியதற்கு கேம் வாங்கக் காசு கொடுத்தார். "கள்ள சிடி வாங்காதே. ஒரிஜினலா வாங்கு" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கள்ள சிடி வாங்கினேன். மிச்சம் சைபர் கஃபேக்குப் போனது. "ஒரிஜினல்தானேடா?" என்று கேட்டார். "ஆமாம்ப்பா" என்றேன்.

சனி, ஞாயிறு மட்டும் இரண்டு இரண்டு மணி நேரம். அப்படி மூன்று மாதம் விளையாடிப் பதினேழு ஊரைப் பிடித்தோம். ஒரே ஓர் ஊர்தான் பாக்கி. நான் இல்லாதபோது பிரியா கேமைத் தொடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். ஒரு சனிக்கிழமை டியூஷன் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், மெமரி கார்டு காலி. பதினேழு ஊரும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் பேசினாள்.

"அண்ணே, ஸ்னிப் தின்னுருச்சு."

"என்னாத்த?"

"நம்ம ஆட்டத்த. நான் வெளயாடல, கேம் பாட்டு கேக்கத்தான் போட்டேன். மீ நூடுல்ஸ் சாப்புட்டுகிட்டே உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு ஸ்னிப் வந்துச்சு. ஒரு சின்ன கார்டு கையில வெச்சிருந்துச்சு. அதுமேல உப்பு தூவி தின்னுச்சு. ஏப்பம் விட்டுச்சு. அப்பறம் டாட்டா காட்டிட்டு போயிருச்சு."

உப்பு! மூன்று மாதம் ஒவ்வொரு வாரமும் ஸ்னிப் தின்பதைப் பார்த்திருக்கிறேன்; ஒரு நாளும் அது உப்புப் போட்டுத் தின்றதில்லை. எனக்குத் தலைக்கு மேல் கோபம். அப்பா வந்ததும் சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு ஆட்டம் போனது ஒரு பொருட்டே இல்லை. பொய்தான் அவருக்கு ஆகாது. அலமாரி மேலிருந்து ரோத்தான் பிரம்பை எடுத்தார். "யார் அழிச்சது?" என்றார். "ஸ்னிப் தின்னுருச்சுப்பா" என்றாள். ஓர் அடி. மறுபடி கேட்டார். அதே பதில், அதே உப்பு. மூன்று முறை அப்படி ஆனது. நான்காவது முறை கேட்டபோது, "நாந்தான்பா அழிச்சேன்" என்றாள். ரோத்தான் அலமாரி மேலே திரும்பப் போனது. எனக்கு நியாயம் கிடைத்த திருப்தி. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும், நம்பிக்கை வராவிட்டால், "உப்பு போட்டுச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எல்லோரும் சிரிப்போம். பிரியாவும் சில நேரம் சிரிப்பாள். வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவளைக் கேட்பார்கள். அவளுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அம்மாவுக்குக் கல்யாணத்தில் போட்ட சிவப்புக்கல் மோதிரம் காணாமல் போனது. அப்போதும் அவளைத்தான் கேட்டார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டோம். அன்றிலிருந்து அம்மா அலமாரியைப் பூட்ட ஆரம்பித்தார்.

பிரியா பதினெட்டு வயதில் படிக்க கிள்ளானுக்குப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். தீபாவளிக்கு வருவாள், அப்பாவின் திதிக்கு வருவாள், எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வருவாள். அவள் கேட் பக்கம் வருகிற சத்தம் கேட்டதும் அம்மா உள்ளே போவார். அலமாரிச் சாவி 'கிளிக்' என்று திரும்பும். சாவி அம்மாவின் இடுப்புக்குப் போய்விடும். அவள் போன பிறகு மறுபடி அலமாரியிலேயே தொங்கும். அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்கும்.

இதுதான் எங்கள் வீட்டுப் பிளோர்க். ஷாமினிக்கு ஒப்புக்கொண்டேன். என்ன ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் மூன்று ஊரிலேயே நோட்டு நிறையக் குறை எழுதிவிட்டேன். பிளோர்க்கின் தொப்பை முன்பு பெட்டி பெட்டியாக ஆடும். இப்போது நிஜத் தொப்பை மாதிரி ஆடுகிறது. அதனால் சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது. கேமரா முன்பு எதிலாவது முட்டிக்கொண்டு நிற்கும்; இப்போது சரியாக இருக்கிறது. நகைச்சுவைதான் எனக்குச் சந்தேகம். குண்டான பெண்களைப் பற்றிய பகடி அப்போது சிரிக்க வைத்தது. இப்போது பார்த்தால் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. அதை எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. ஆனால் மேயர் ஜோக்குகள் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆறாவது ஊரில் மேயர், "இந்த பாரம் பழசு, புது பாரம் போன வாரம்தான் வந்தது, ஆனால் எங்களிடம் இன்னும் வரவில்லை" என்பார். எந்த அரசாங்க அலுவலகத்திலாவது நம்பர் சீட்டு வாங்கி உட்கார்ந்த எவனும் அதற்குச் சிரிக்காமல் இருக்க முடியாது. அம்மாவே ஹாலைக் கடக்கும்போது நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, ஸ்னிப்பைக் கண்டதும், "உப்பு போடுறது இதுதானே?" என்றார். சிரித்துக்கொண்டே சமையல்கட்டுக்குப் போனார்.

இரண்டாவது ஆளாக யாரும் இல்லாததால் ஸ்னிப்பைக் கம்ப்யூட்டரே ஓட்டியது. கதவு தவறாமல், பாரம் தவறாமல் சரியாக ஓட்டியது. பிரியா ஓட்டினால் ஸ்னிப் சுவரில் மோதும், பூனைகளின் பின்னால் போகும். அது இல்லாமல் கேம் கொஞ்சம் காலியாக இருந்தது. அதை விமர்சனத்தில் எழுத முடியாது.

புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். அருங்காட்சியகம் என்று ஓர் அறை. ஒவ்வோர் ஊரைப் பிடித்ததும் அங்கே ஒரு பொருள் திறக்கும்: பழைய கோட்டோவியம், தூக்கிப் போட்ட ஜோக், செய்தவர்களின் குறிப்பு. புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து பதினேழாவது ஊரைப் பிடித்தேன். அறையில் ஒரு சின்னத் திரை திறந்தது. கீழே 'ஸ்னிப்பின் மதிய உணவு' என்று தலைப்பு. அழுத்தினேன்.

ஸ்னிப் வந்தது. கையில் ஒரு சின்ன மெமரி கார்டு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இடுப்புப் பையிலிருந்து உப்புக் குப்பியை எடுத்துத் தூவியது. தின்றது. ஏப்பம் விட்டது. என்னைப் பார்த்து டாட்டா காட்டிவிட்டுப் போனது.

கீழே குறிப்பு இருந்தது. அவர்கள் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: இது ஒரிஜினல் சிடியில் வராது. கள்ள நகல் என்று கேமுக்குத் தெரிந்துவிட்டால் மட்டும் வரும். பதினேழு ஊர் முடிந்த பிறகு, கேம் தொடங்குகிற தலைப்புத் திரையைப் பத்து நிமிடம் தொடாமல் விட்டால் ஸ்னிப் வந்து சேமித்த ஆட்டத்தைத் தின்றுவிடும். யார்தான் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து தலைப்புத் திரையைப் பார்ப்பார்கள்? யாராவது இதைப் பார்த்தார்களா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

நான் என் வேலைப் புத்திப்படி முதலில் அதையும் நம்பவில்லை. புதிதாகச் செய்து சேர்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். பக்கத்திலேயே பென்சில் ஓவியம் இருந்தது. மூலையில் 2005 என்று தேதி. உப்புக் குப்பியைத் தனியாக வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

ஒரு பத்து வயதுப் பிள்ளை, கண்ணால் பார்த்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னதற்கு அடி வாங்கியிருக்கிறாள். அந்த அடியை வாங்கிக் கொடுத்தவன் நான். கள்ள சிடியை ஒரிஜினல் என்று சொன்னவனும் நான்தான். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகளைப் பொய்க்காரி என்று நம்பிக்கொண்டேதான் போனார்.

சமையல்கட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். சிடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே என்று நினைத்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். முதலில் பிரியாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன்.

மறுநாள் லீவு போட்டு, கேம் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்கு கொமுட்டர் ரயில் ஏறினேன். அவள் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்துப் பகுதிக்குப் பொறுப்பு. கிளினிக்குக்கு மேல்மாடியிலேயே அவள் அறை. இரண்டு மணிக்கு வெளியே வந்தாள். கழுத்தில் ஒரு பட்டை. அதில் நான்கைந்து சாவி. பூட்டி வைக்க வேண்டிய மருந்துகளின் அலமாரிச் சாவி அவளிடம்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறாள். அன்றுதான் அந்தச் சாவிகளை நான் உற்றுப் பார்த்தேன்.

என்னைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மாவுக்கு என்னா?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்காங்க."

"அப்பறம் ஏன் வந்தே? அதுவும் வேலை நாள்ல."

"சும்மாதான்."

"சும்மாவா. நீயா." என் பையைப் பார்த்தாள். "எதாச்சும் கையெழுத்து வேணுமா? வீட்டு பேப்பரா? நேரா சொல்லு அண்ணே, போட்டுத் தரேன். எனக்கு அந்த வீட்டுல ஒண்ணும் வேணாம்."

"மேல போலாம். ஒண்ணு காட்டணும்."

அறையில் எனக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். தனக்குக் கலக்கவில்லை, கதவையும் முழுக்கச் சாத்தவில்லை. டிவியில் பெட்டியை மாட்டினேன். அருங்காட்சியகத்துக்குப் போய் ஓட்டிக் காட்டினேன். நின்றபடியே பார்த்தாள்.

"எங்க செஞ்சே இத?" என்றாள்.

"நான் செய்யல. கேம்லயே இருக்கு."

"இப்ப ஏஐ-ல என்னா வேணும்னாலும் செய்றாங்க. நேத்துகூட ஒருத்தன் எம்சி லீவு சீட்டு கொண்டாந்தான், எங்க டாக்டர் கையெழுத்தோட. டாக்டர் அன்னிக்கு வேலைக்கே வரல."

"நான் எதுக்கு பிரியா இத செய்யணும்?"

"தெரியல. அதான் எனக்கு பயமா இருக்கு."

இருபது வருடம் நான் அவளைப் பார்த்த பார்வையை அவள் அப்படியே என்மேல் திருப்பினாள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்தக் குறிப்புக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருந்தது. துணிச்சல் இருந்தால் போட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். போட்டால் கேம் தன்னைக் கள்ள நகல் என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு மறுநாள் விமர்சனம் கொடுக்க வேண்டும். கடைசி ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆட்டத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுத் தலைப்புத் திரைக்கு வந்தேன். கன்ட்ரோலரை அவள் கட்டில் மேல் வைத்தேன்.

"பத்து நிமிஷம் உக்காரு. யாரும் தொட வேணாம்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். தலைப்புப் பாட்டு ஓடியது. புதுசாக வாசித்திருந்தாலும் மெட்டு பழையதுதான். பிளோர்க் விண்கலத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கு வாங்குனது கள்ள சிடி. அப்பாகிட்ட ஒரிஜினல்னு பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"கவர்ல கலர் வழிஞ்சிருந்துச்சு. பிளோர்க் மூஞ்சி பாதி ஊதாவா இருந்துச்சு."

"அப்ப ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அடி வாங்குவே."

நான் கோப்பியைக் கீழே வைத்தேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மூணு தடவ உண்மைய சொன்னேன், மூணு அடி விழுந்துச்சு. நாலாவது தடவ பொய் சொன்னேன், நின்னுருச்சு. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு அண்ணே. இந்த வீட்டுல எது வேணும்னு கேக்கறாங்களோ அத குடுத்தரணும்."

"என்னை மன்னிச்சிரு பிரியா."

"இரு. இன்னும் பத்து நிமிஷம் ஆகல."

ஸ்னிப் வந்தது. கார்டைத் திருப்பிப் பார்த்தது. என் பதினேழு ஊர். உப்புக் குப்பியை எடுத்துத் தூவியது, ஒரு நொடி யோசித்தது, மறுபடி தூவியது. தின்றது. ஏப்பம். டாட்டா. நான் கன்ட்ரோலரை எடுத்து உள்ளே போய்க் காட்டினேன். சேமித்த ஆட்டம் எதுவும் இல்லை.

"ரெண்டு தடவ தூவுது" என்றாள் பிரியா. "நான் ஒரு தடவன்னு நெனச்சுட்டேன்." பிறகு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தள்ளிப் போ என்று சொல்லவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள் கைப்பையைத் திறந்தாள். மாத்திரை போட்டுத் தருகிற சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளே அம்மாவின் சிவப்புக்கல் மோதிரம்.

"இது நாந்தான். இதுல ஸ்னிப் இல்ல."

நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

"எப்படியும் என்னைத்தான் கேக்கப் போறீங்க. நெஜமாவே எடுத்தா எப்படி இருக்கும்னு பாத்தேன். எந்த வித்தியாசமும் இல்ல. எடுக்காதப்பவும் அதே மூஞ்சி, எடுத்தப்பவும் அதே மூஞ்சி." உறையின் ஓரத்தை நிமிர்த்திவிட்டாள். "ரெண்டு நாள்ல திருப்பி வெச்சிரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அம்மா பூட்ட ஆரம்பிச்சிட்டாங்க. ஒவ்வொரு தீபாவளிக்கும் பையில போட்டு கொண்டாந்திருக்கேன் அண்ணே. ஒவ்வொரு திதிக்கும். நான் உள்ள வரதுக்கு முன்னாடியே கிளிக்குன்னு சத்தம் கேட்கும்."

கொமுட்டரில் திரும்பி வரும்போது சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மா குளிக்கிற நேரம் பார்த்து அலமாரிக்குள் ஏதாவது புடவை மடிப்பில் சொருகிவிடலாம் என்று திட்டம். நான் மட்டும் இருக்கும்போது அது பூட்டியிருக்காது.

அம்மா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வந்ததும் எதிரே உட்கார்ந்து சொன்னேன். சிடி, பத்து நிமிடம், உப்பு, பென்சில் ஓவியத்தின் தேதி. பழையது ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்கப்பா இருந்திருக்கணும்" என்றார். பிறகு, "எத்தன அடி அன்னிக்கு?"

"மூணு."

"நான் தடுக்கல" என்றார். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. நான் எழப் போனேன்.

"அப்போ மோதிரம்?" என்றார் அம்மா.

குரலில் அந்தப் பழைய மோப்பம் இருந்தது. எனக்கு அதை நன்றாகத் தெரியும். என்னிடமும் அதுதான் இருக்கிறது. ஆமாம், அவள்தான் எடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உப்பு, ஓவியம், மூன்று அடி எல்லாம் ஒரு பக்கம் போய்விடும். 'பாத்தியா, நான் சொல்லல?' என்பார். அவள் என்னிடம் உண்மையைச் சொன்னதற்கு நான்காவது அடி அதுவாகத்தான் இருக்கும்.

சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தேன். மோதிரத்தை மட்டும் வெளியே எடுத்து அம்மா முன்னால் வைத்தேன்.

"நான்தாம்மா எடுத்தேன்."

"நீயா?"

"ஆமா."

"எதுக்கு?"

"விக்கறதுக்கு. அப்பறம் பயமா இருந்துச்சு."

தேவையில்லாத விவரம் எதுவும் சேர்க்கவில்லை. அம்மா மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுப் பார்த்தார், முட்டியைத் தாண்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். இத்தனை வருடம் அது பிரியா பக்கம் திரும்பியிருந்தது.

"அவ மேல பழி விழறத பாத்துகிட்டே இருந்திருக்கே" என்றார்.

"ஆமாம்மா."

வெள்ளிக்கிழமை ஷாமினிக்கு விமர்சனம் அனுப்பினேன். பாதி ஜோக்குக்கு வயதாகிவிட்டது, மேயருக்கு ஆகவில்லை, கள்ள சிடி வாங்கியவர்களுக்கு மட்டும் செய்த ஒரு ஜோக் இருக்கிறது, அதைப் பார்த்த ஓர் ஆளை எனக்குத் தெரியும் என்று எழுதினேன். கடைசி ஊரை நான் பார்க்கவில்லை என்பதையும் எழுதினேன். உடனே கூப்பிட்டாள்.

"முடிக்காமயேவா எழுதுனீங்க? பத்து நாள் குடுத்தேனே."

"பதினேழு ஊர் முடிச்சேன். சேவ் போயிருச்சு."

"எப்படி போச்சு?"

"ஸ்னிப் தின்னுருச்சு. உப்பு போட்டு."

"நேரம் கிடைக்கலன்னு நேரா சொல்லிருக்கலாம் விமலன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரியா வந்தாள். கேட் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே போகவில்லை, வாசலுக்குப் போனார். இருவரும் வாசலிலேயே என்னவோ பேசினார்கள், எனக்குக் கேட்கவில்லை. உள்ளே வந்ததும் அம்மா, "பிரியா, அலமாரியில ஒனக்கு ஒரு புடவை எடுத்து வெச்சிருக்கேன், நீயே போய் எடுத்துக்க" என்றார். பிரியா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போய் அலமாரியைத் திறந்தாள். ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். சாப்பிட்டு முடித்ததும் கேமைப் போடச் சொன்னாள். முதல் ஊரிலிருந்து ஆரம்பித்தோம். ஸ்னிப் சுவரில் மோதியது, பூனையின் பின்னால் போனது. சாயங்காலம் கிளம்பும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பக் குளித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்தியபோது அம்மாவின் அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கிளிக். சட்டையை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அலமாரி பூட்டியிருந்தது. அதில் சாவி இல்லை. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான் இருந்தோம்.